சேப்பாக்கத்து ஆட்டமும் சிற்றூர் ரசிகரும்

சித்திரை மாதத்து இரவுகளில், வெயில் தணிந்து காற்று வீசத் தொடங்கும் வேளையில், நமது கிராமங்களில் ஒரு காட்சியைக் காணலாம். சென்னைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடைபெறுகிறது. மஞ்சள் சட்டை அணிந்த மட்டையாளர் ஒருவர் பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடிக்கிறார். கூரைமேல் டிஷ் வைத்திருக்கும் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆரவாரம் எழுகிறது. ஆனால் வாய்க்கால் மதகின்மேல் கைபேசியுடன் அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டத்தில் அப்போது ஓசையே இல்லை. அவர்களுடைய திரையில் பந்து வீசுபவர் இன்னும் ஓடி வரவேயில்லை. அரை நிமிஷம் போலக் கழிந்த பின்னர்தான் அவர்கள் துள்ளி எழுகின்றனர். "ஒரே ஆட்டந்தானே? திண்ணைக்கு முன்னால் தெரிந்தது மதகுக்குப் பின்னால் தெரிவானேன்?" என்று ஒரு பஞ்சாயத்து அங்கத்தினர் நம்மைக் கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்ட கேள்விதான். எனினும், அந்த அரை நிமிஷத்துக்குள் நமது கிராமத்து இளைஞர்களின் பணமும் மானமும் சம்பந்தப்பட்ட விஷயங்கள் பல அடங்கியிருப்பதால், அதற்குச் சற்று விரிவாகவே விடை கூற வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதலில், சேப்பாக்கத்து ஆட்டத்தை முற்காலத்தில் யார், எவ்வாறு கண்டனர் என்பதை நோக்குவோம். 1846இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் சங்கம் 1865இல் சேப்பாக்கத்துக்கு வந்தது. அது ஐரோப்பியருக்கென்றே அமைந்த சங்கம். அதற்கு எதிராக இந்தியருக்கெனச் சங்கம் கண்டு ஆட்டத்தைப் பரப்பியவர், மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு. அவர் 1908இல் காலமானார். ஆயினும் அவர் முயன்று ஏற்பாடு செய்த இந்தியர்–ஐரோப்பியர் பந்தயம் பின்னர் பல ஆண்டுகள் பொங்கல் நாட்களில் நடைபெற்று வந்தது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி நாட்டின் முதல் ரஞ்சிக் கோப்பைப் பந்தயமும் அங்கேயே, சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்று, ஒரே நாளில் முடிந்தும் போயிற்று. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அந்த மைதானத்தில்தான். அக்காலத்து ரசிகர் யார்? மயிலாப்பூரிலிருந்தோ திருவல்லிக்கேணியிலிருந்தோ கட்டுச்சோற்றுடன் நடந்து வந்து மைதானத்தில் இடம் பிடிக்கக்கூடியவரே ரசிகர். உழவர் ஒருவர் ரசிகராவதற்கு வழியே இருக்கவில்லை.

அந்த வேலியை முதலில் பிரித்தது வானொலி. சென்னை நகரசபை 1930இல் தானே ஒரு ஒலிபரப்பு நிலையம் நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. பின்னர் பஞ்சாயத்துக் கட்டடங்களில் பொது ரேடியோப் பெட்டிகள் வந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாலையில் விவசாய நிகழ்ச்சி கேட்கக் கூடியவர்கள் பொங்கல் டெஸ்டு நாட்களில் பகலிலும் கூடினார்கள். ஆங்கில வர்ணனை புரியாதவர்கள், ஒலிபெருக்கியில் எழும் கூட்டத்தின் இரைச்சலைக்கொண்டே நல்லதா கெட்டதா என்று அனுமானித்தார்கள். பின்னர் தமிழிலேயே வர்ணனை வந்தபோது அந்தக் குறையும் தீர்ந்தது. 2020இல் மறைந்த அப்துல் ஜப்பார் அவர்களின் குரலைக் கேட்டவர்கள், மைதானத்தைக் காணாமலே அதன் புல்லின் நிறத்தையும் அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. விந்தை என்னவெனில், மைதானத்துக்குள்ளேயே அமர்ந்திருந்தவர்களும் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே நடப்பதற்கும் ஒருவர் விளக்கம் கூற வேண்டியிருக்கிறது என்பது மனித இயல்பு போலும்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி தொடங்கியது. அதன் கதை யாவரும் அறிந்ததாதலால் விரித்துரைக்கவில்லை. 2008இல் ஐ.பி.எல். பந்தயங்களும், அவற்றோடு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் தோன்றின. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவ்வணி கோப்பையை வென்றது. 2017இல் தமிழில் மட்டுமே ஒலிக்கும் விளையாட்டுச் சானல் ஒன்றும் வந்தது. 2023இல் கைபேசி வழியாகவும் தமிழ் உட்படப் பல மொழிகளில், கட்டணமின்றியே, ஆட்டங்கள் காட்டப்பட்டன. அவ்வாண்டின் இறுதியாட்டத்தை ஒரே சமயத்தில் 3.2 கோடிக்கும் மேற்பட்ட திரைகள் கண்டதாக ஒளிபரப்பிய நிறுவனம் அறிவித்தது. சேப்பாக்கம் மைதானத்தில் அமரக்கூடியவர் சில பதினாயிரம் பேரே. மற்றவர் அனைவரும் எங்கோ ஒரு மதகின்மேல் அமர்ந்திருப்பவர்தாம்.

இனி நமது அங்கத்தினரின் கேள்விக்கு வருவோம். இதை விளக்கக் காவிரியைவிடச் சிறந்த உவமை நமக்குக் கிடைக்கவில்லை. மேட்டூரில் மதகைத் திறந்த அன்றே கடைமடையில் நீர் பாய்வதில்லை. ஆறு, கல்லணை, கிளையாறு, வாய்க்கால், கன்னிவாய்க்கால் என்று இறங்கி வர நாட்கள் ஆகின்றன. ஆட்டத்தின் காட்சியும் அவ்வாறே இறங்கி வருகிறது. மைதானத்திலுள்ள பல காமிராக்களின் காட்சிகள் ஓரிடத்தில் தொகுக்கப்படுகின்றன. டிஷ் உள்ள வீட்டுக்கு அது செயற்கைக்கோள் வழியாகச் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. ஒரே கோளிலிருந்து பொழியும் மழையைப்போல எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் பொழிகிறது. கைபேசிக்கு வரும் காட்சியோ மழையன்று; பாசனம். காட்சியைச் சில விநாடி நீளமுள்ள சிறு துண்டங்களாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டத்தையும் சன்ன ரகம், நடுத்தர ரகம், மோட்டா ரகம் என்று பல தரங்களில் தயாரிக்கிறார்கள். இவை பெருநகரங்களிலுள்ள கணினிக் கிடங்குகளில் சேமிக்கப்படுகின்றன. உங்கள் கைபேசி அக்கிடங்கிலிருந்து ஒவ்வொரு துண்டமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இடையில் சிக்னல் தடைப்பட்டால் படம் நின்றுவிடக் கூடாதல்லவா? ஆகவே, வீட்டில் குதிர் வைத்திருப்பதுபோல், சில துண்டங்களை முன்னதாகச் சேர்த்து வைத்துக்கொண்ட பின்னரே முதல் துண்டத்தைக் காட்டத் தொடங்குகிறது. குதிர் நிறையும் நேரமே அந்தத் தாமதம். கோபுரம் தொலைவிலிருந்தால் சன்ன ரகம் வந்து சேராது. அப்போது கைபேசி தானே மோட்டா ரகத்தைக் கேட்டு வாங்குகிறது. படம் திடீரென்று மங்கிப்போவதன் காரணம் இதுதான். கைபேசி பழுதடைந்துவிட்டதென்று எண்ணி எவரும் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

இந்தத் தாமதம் கெடுதலற்றதாகவே தோன்றும். ஆனால் பந்துக்குப் பந்து சூதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பந்தில் விக்கெட் விழுமா, ஓட்டம் வருமா என்று கைபேசியில் பணம் கட்டச் சொல்கிறார்கள். மைதானத்தில் ஓர் ஆளை அமர்த்தி, நடந்ததைக் கணத்தில் தெரிந்துகொள்ளும் கூட்டத்தார் மறுபுறத்தில் இருக்கின்றனர். அவர்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. மதகின்மேல் இருக்கும் நமது பையனுக்கு இன்னும் பந்து வீசப்படவேயில்லை. அறுவடையான வயலுக்குக் காவல் கூலி கேட்பவனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நேரலை என்ற சொல்லை நம்பி, தானும் அவர்களும் ஒரே கணத்தில் நிற்பதாக எண்ணிப் பணம் கட்டுகிறவன் முதலிலேயே தோற்றுவிட்டான்.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிய வேண்டும். 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளுக்கு ஐ.பி.எல். ஆட்டங்களைக் காட்டும் உரிமை 2022இல் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இந்திய நாட்டில் டெலிவிஷனில் காட்டும் உரிமைக்கு 23,575 கோடி; இணையத்தில் காட்டும் உரிமைக்கு ஏறத்தாழ 23,758 கோடி. அதாவது, கைபேசித் திரை டெலிவிஷன் பெட்டியை விலையில் முந்திவிட்டது. சந்தையில் நெல்லைவிட உமிக்கு விலை கூடியதுபோல் இது சிலருக்குத் தோன்றலாம். காரணம் இதுதான்: டெலிவிஷன் பெட்டிக்குத் தன் முன்னால் அமர்ந்திருப்பவர் யாரென்று தெரியாது. கைபேசிக்கோ தெரியும். எந்த ஊர், எந்த மொழி, எத்தனை நிமிஷம் பார்த்தார், எந்த ஆட்டக்காரர் அவுட்டானதும் மூடிவிட்டார் என்பதையெல்லாம் அது திருப்பி அனுப்பிக்கொண்டேயிருக்கிறது. ஆதலால் ஒரே இடைவேளையில் தியாகராய நகரிலுள்ள ஒருவருக்குப் புடைவை விளம்பரமும், மன்னார்குடியிலுள்ள ஒருவருக்கு டிராக்டர் விளம்பரமும் காட்ட முடிகிறது. கட்டணமில்லாமல் பார்க்கிறோம் என்று நாம் மகிழ்ந்திருக்கையில், விற்பனையானது நமது கவனம். இதில் குற்றமொன்றும் இல்லை. பத்திரிகைகளும் விளம்பரத்தால்தான் வாழ்கின்றன. ஆயினும், விற்கிற பண்டம் நாமே என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே இருந்த தூரம் குறைந்ததையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆட்டக்காரரின் சொல் பத்திரிகை நிருபர் வழியாகவே வரும். இன்று மேற்கு மாம்பலத்துக்காரரான ரவிச்சந்திரன் அசுவின் தன் யூடியூப் சானலில் தமிழில் பேசுகிறார். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தும், பத்ரிநாத்தும் அவ்வாறே செய்கின்றனர். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தை விரலால் சுண்டி எறியும் 'சொடக்குப் பந்து' எப்படி உலகத்து மட்டையாளர்களைத் திகைக்கவைத்தது என்பதை அசுவின் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு, பெரம்பலூர்ப் பக்கத்து மாணவனுக்கும் கிடைக்கிறது. இது பெரும் பேறு. இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பிடி தவறவிட்ட ஆட்டக்காரரின் வீட்டாரைக்கூட ஏசி எழுதும் வழக்கமும், இரு அணி ரசிகர்கள் ஒருவரையொருவர் இழிமொழி கூறும் வழக்கமும் அதே திரையில் வளர்ந்துவிட்டன. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி 12 ஓட்ட வித்தியாசத்தில் இந்தியாவைச் சேப்பாக்கத்தில் வென்றபோது, அங்கிருந்த ரசிகர்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினார்கள். மைதானத்தில் முகம் தெரியும். திரைக்குப் பின்னால் முகம் தெரிவதில்லை.

இங்கே சதுரங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஓசையின்றி, அசைவின்றி, ஐந்து மணி நேரம் இருவர் உட்கார்ந்திருக்கும் ஆட்டத்துக்குக் கோடிக்கணக்கில் ரசிகர் சேருவார்கள் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆழ்வார்ப்பேட்டையில் சோவியத் கலாசார நிலையத்தில் இருந்த தால் சதுரங்கச் சங்கத்தில் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2013 நவம்பரில் அவரும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்செனும் தேனாம்பேட்டையிலுள்ள ஒரு ஹோட்டலில் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். ஆனந்த் 3½ – 6½ என்ற கணக்கில் பட்டத்தை இழந்தார். ஆனால் அந்தப் பத்து ஆட்டங்களையும், சென்னையில் காய் நகர்ந்த மறுகணமே, நார்வேயின் பனிக்காலத்தில் ஜனங்கள் டெலிவிஷன் முன் கூடிப் பார்த்தார்கள்.

காய் நகர்வது எப்படி உடனுக்குடன் வெளியே செல்கிறது? ஒருவர் அருகில் நின்று எழுதி அனுப்புவதில்லை. பலகையின் அடியில் கம்பிச் சுருள்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சிறு சுருள் இருக்கிறது. ராஜாவுக்கு ஒரு சுருதி, யானைக்கு ஒரு சுருதி, சிப்பாய்க்கு ஒரு சுருதி என்று அவை வேறுபட்டவை. பலகை ஒவ்வொரு கட்டத்தையும் இடைவிடாது தட்டிப் பார்த்து, எந்தச் சுருதி எதிரொலிக்கிறதோ அந்தக் காய் அங்கே இருக்கிறதென்று அறிந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி அதை உலகுக்குச் சொல்கிறது. அனுப்ப வேண்டியது படமன்று, இரண்டு மூன்று எழுத்துகளே. ஆகையால், சன்ன ரகமும் மோட்டா ரகமும் இங்கில்லை. மிகப் பலவீனமான சிக்னல் உள்ள மலைக்கிராமத்துக்கும் சதுரங்கம் குறைவின்றி வந்து சேரும். இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

2022இல் ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அப்போது கடற்கரைச் சாலையின் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டினார்கள். அந்தப் பாலத்தின் படம் கைபேசி வழியாக எத்தனை கிராமங்களுக்குப் போயிற்று! சதுரங்கம் அறியாதவர்களும் அதைக் கண்டு, இது என்ன ஆட்டம் என்று கேட்டார்கள். 2024 டிசம்பர் 12ஆம் தேதி, சிங்கப்பூரில், சென்னை இளைஞர் குகேஷ் சீனத்து டிங் லிரனை 14ஆவது ஆட்டத்தில் தோற்கடித்து 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அன்று ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆட்டத்தைக் காட்டும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை உண்டு. கணினி ஒவ்வொரு நிலையையும் கணக்கிட்டு, யார் கை ஓங்குகிறது என்பதை அப்பட்டை ஏறி இறங்குவதால் காட்டும். டிங் தமது 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் பட்டை சரிந்தது. வீட்டில் இருந்த பாமர ரசிகர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். குகேஷுக்கோ அதைக் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. கிரிக்கெட்டில் ரசிகர் அரை நிமிஷம் பின்தங்குகிறார்; இங்கோ ஆட்டக்காரரைவிட ரசிகர் முந்திக்கொண்டார்! ஆனால் பட்டையைப் பார்த்து ஆர்ப்பரிப்பது சதுரங்கம் அறிவதாகாது. அதை மறைத்து வைத்துவிட்டு, அடுத்த நகர்வு எதுவென்று தாமே யோசிக்கும்படி குழந்தைகளைப் பழக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதே சரி.

இப்போது மின்விளையாட்டு என்னும் ஈ-ஸ்போர்ட்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். "கைபேசியில் சுட்டு விளையாடுவதும் ஒரு விளையாட்டா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது இயற்கை. கணினியிலோ கைபேசியிலோ வகுத்த விதிகளின்படி அணிகள் நேருக்கு நேர் மோதும் போட்டியே மின்விளையாட்டு. அதைக் காண அரங்குகளில் கூட்டம் கூடுகிறது. அதற்கும் வர்ணனையாளர் உண்டு. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக வைக்கப்பட்டபோது இந்தியர் ஒருவர் வெண்கலம் பெற்றார். 2023இல் சீனத்து ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவே சேர்க்கப்பட்டது. மத்திய அரசாங்கம் 2022 டிசம்பரில் இதைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்று, விளையாட்டுத் துறையின் பொறுப்பில் வைத்தது. ஆகவே, இதை வெறும் கேடு என்று தள்ளிவிடுவதற்கில்லை. உடலுழைப்பு இல்லாததால் கபடியின் இடத்தை இது பெறாது என்பதும் நமது அபிப்பிராயம்.

தொல்லை எங்கே வருகிறதென்றால், மூன்று வேறு பண்டங்கள் ஒரே கைபேசியில், ஒரே மாதிரியான பளபளப்புடன் இருக்கின்றன. ஒன்று, பொழுதுபோக்கு ஆட்டம். இரண்டாவது, மேற்சொன்ன மின்விளையாட்டு. மூன்றாவது, பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டம். கற்பனை அணி அமைத்தல் என்று ஒன்று இருந்ததே, அதை நினைவுகூருங்கள். உண்மையான ஆட்டக்காரர்களில் 11 பேரை நாம் தேர்ந்தெடுத்து, நுழைவுப் பணம் கட்ட வேண்டும். அவர்கள் மைதானத்தில் அடிக்கும் ஓட்டத்துக்கு ஏற்ப நமக்குப் புள்ளிகள் சேரும். ரசிகரின் அன்பையே முதலாக வைத்து நடத்திய வியாபாரம் அது. அத்தகைய ஒரு நிறுவனத்தின் பெயர்தான் 2025 ஆகஸ்டு வரையில் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்தது.

தமிழ்நாட்டில் இவ்வாட்டங்களால் கடன்பட்டு உயிர் மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வந்தவண்ணமிருந்தன. மாநில அரசாங்கம் 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டே இணைய வழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. கவர்னரிடமிருந்து திரும்பி வந்து, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லுமென்று கூறியது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கருதி அவற்றின் மீதான தடையை நீக்கியது. ஆகவே மாநில அரசாங்கம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குவிதிகளைக் கொணர்ந்து, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாதென்றும், ஆதார் மூலம் ஆளை உறுதிசெய்ய வேண்டுமென்றும் விதித்தது. இதன்பின் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2025 ஆகஸ்டு 22ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. அது திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே குற்றமாக்கியது; நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு; விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடி ஏமாந்தவரை அச்சட்டம் தண்டிப்பதில்லை. மின்விளையாட்டை அது தனியே பிரித்து அங்கீகரிக்கிறது.

சட்டம் வந்ததும் நோய் தீர்ந்ததா? வெளிப்படையாக நடந்த நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் அயல்நாடுகளிலிருந்து இயங்கும் சூதாட்டக் கூட்டங்கள் வாட்ஸப், டெலிகிராம் வழியாகச் சங்கிலி போட்டு நுழைகின்றன. அவர்களுக்குப் பணத்தை வாங்கவும் அனுப்பவும் இந்நாட்டு வங்கிக் கணக்குகள் வேண்டும். இங்கேதான் நமது கிராமங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. "உன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று ஒருவன் வருவான். கொடுத்தவர் சூதாடவே இல்லை. ஆயினும் ஒருநாள் எங்கோ ஓர் ஊரில் ஒருவர் புகார் செய்ய, போலீசார் அந்தக் கணக்கை முடக்கிவிடுவார்கள். நூறுநாள் வேலைக் கூலியும், நெல் கொள்முதல் பணமும், பயிர்க் கடனும் அதே கணக்கில்தானே வரவேண்டும்? முடக்கத்தை நீக்க அலைவதோடு, குற்றத்துக்கு உடந்தை என்ற வழக்குக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிராம சபைக் கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தை உரக்கப் படித்துச் சொன்னால் போதும். பல குடும்பங்கள் தப்பும். பணம் பறிபோனது தெரிந்ததும், வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. நாள் கடந்தால் அரிது. மகன் தோற்றான் என்று தெரிந்த தகப்பனார் முதலில் அடிப்பதும், அதனால் மகன் அடுத்த கடனை மறைப்பதும் நாம் கண்டது. அடிக்குமுன் அந்த எண்ணை அழைக்கலாம்.

இதுவரை சென்னையிலிருந்து கிராமத்துக்கு வருவதைப் பற்றியே பேசினோம். எதிர்த்திசையிலும் போகும் ஒரு வாய்க்கால் உண்டு. 2014 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, அது மதுரைப் பக்கத்து உழவர்களின் மனக்குறையாகவே இருந்தது. 2017 ஜனவரி 17 முதல் ஒரு வாரம், காளையை அருகில் நின்று பார்த்திராத மயிலாப்பூர், அடையாறு இளைஞர்களும் மெரினாக் கடற்கரையில் இரவும் பகலும் அமர்ந்தார்கள். தலைவர் எவரும் அழைக்கவில்லை; கைபேசிச் செய்திகளே அழைத்தன. மின்விளக்கு அணைந்தபோது கைபேசி விளக்குகளை ஏற்றினார்கள். அம்மாதமே சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லுமென்று தீர்ப்பளித்தது. இன்று மதுரை மாவட்டத்தில் காளையும் வீரரும் இணையத்தில் பதிவு செய்துகொண்டே வாடிவாசலுக்கு வருகின்றனர்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அவ்வணியில் ஆடிய கார்த்திகா, சென்னையின் தென்கோடியில், நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்கென அமைந்த கண்ணகி நகரைச் சேர்ந்தவர். பெரிய பத்திரிகைகள் எழுதுமுன்பே அவர் பெயர் கைபேசிகளில் பரவிவிட்டது. நமது கிராமத்துக் கபடி மைதானத்தில் ஆடும் பெண்ணை ஒருவரும் காணாமல் இருப்பதற்கு இனிக் காரணமில்லை என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் செய்தி.

கோவில் திருவிழாக் கபடிப் பந்தயங்களை யூடியூபில் நேரலையாகக் காட்டுவது இன்று தமிழ்நாடெங்கும் நடக்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் நள்ளிரவிலும் விழித்திருந்து பார்க்கிறார்கள்; பரிசுத் தொகைக்கு நன்கொடையும் அனுப்புகிறார்கள். இதைப் பஞ்சாயத்தே செம்மையாக நடத்தலாம். பெருஞ்செலவு இல்லை. 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டம் இம்மாநிலத்துக்கு வகுக்கப்பட்டது. இணைப்பு வந்துள்ள பஞ்சாயத்து அலுவலகம் மைதானத்துக்கு அருகில் இருந்தால் அதிலிருந்தே கம்பி இழுக்கலாம். இல்லையேல், எந்தக் கம்பெனியின் சிக்னல் மைதானத்தில் நன்றாக எடுக்கிறதென்று பந்தயத்துக்கு முதல் நாள் அதே மாலை வேளையில் சோதித்துப் பார்க்க வேண்டும். காலையில் சோதித்துப் பயனில்லை. மாலையில் கூட்டம் கூடி எல்லோரும் கைபேசியை எடுத்தால் வாய்க்காலில் நீர் வற்றிவிடும். கைபேசியைக் கையில் பிடிக்காமல் முக்காலியில், ஆள் உயரத்துக்கும் மேலே, நடுக்கோட்டுக்கு நேராகப் பொருத்த வேண்டும். வெயில் நேரே படுமானால் கைபேசி சூடேறி அணைந்துவிடும். ஒரு குடை போதும். மின்சாரம் நின்றாலும் ஓடும்படி பேட்டரி ஒன்று அருகில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் வர்ணனை இரைச்சலாகவே கேட்கும். புள்ளிக் கணக்கைப் பெரிய பலகையில் எழுதி, காமிரா காணும் மூலையில் வைத்தால் தனி யந்திரம் வேண்டாம்.

நேரலையின் கீழே பார்வையாளர் எழுதும் கருத்துகளைக் கவனிக்கப் பொறுப்பான ஒருவரை அமர்த்துவது முக்கியம். ஊர்ப் பெயரும் சாதிப் பெயரும் சொல்லி ஏசுவோர் வந்துவிடுவார்கள். அன்றிரவு திரையில் எழுதியது மறுநாள் டீக்கடையில் கைகலப்பாக முடியும். அவ்வித எழுத்தை உடனே நீக்கவும், மீறினால் கருத்துப் பகுதியையே மூடவும் அவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். சூதாட்டச் செயலிகள் விளம்பரத் தட்டியுடன் நன்கொடை தர முன்வந்தால், எவ்வளவு பெரிய தொகையாயினும் வாங்கக் கூடாது; விளம்பரம் செய்வதே குற்றம் என்று மேலே கூறினோம். சிறுமியர் ஆடும் பந்தயமானால் பெற்றோரின் சம்மதத்தை முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்த இரவே பதிவின் பிரதி ஒன்றை எடுத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பத்திரப்படுத்தட்டும். கடைசிப் பிடியில் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அடுத்த ஆண்டுத் திருவிழா வரையில் ஊர் இரண்டுபட்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். மெதுவாக ஓட்டிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.